நான் தேர்ந்து கொடுத்த ஹேண்டில்கள்

மோட்டார் சைக்கிளுக்கு ஹேண்டில் மாற்றிக் கொடுக்கும் தொழிலில் ஒரு தொல்லை உண்டு: தேர்ந்து கொடுக்கிறவர் கடையிலே நிழலில் உட்கார்ந்திருப்பார், விழுகிறவர் எங்கேயோ வெயிலில் விழுவார்.

இதை எழுதும்போதே தப்பாகச் சொல்லிவிடுவேனோ என்று பயமாக இருக்கிறது. நான் மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள். எந்த மாதம் எது முந்தி நடந்தது என்பதில் எனக்கே சந்தேகம் வரும். ஒருவர் சொன்னதை இன்னொருவர் வாயில் போட்டுவிட்டால், இந்தச் சின்ன ஊரில் நாளைக் காலையே வாசலில் வந்து நிற்பார்கள். அதனால் மற்றது முன்னே பின்னே இருந்தாலும், அவரவர் சொன்ன சொல்லை மட்டும் சொன்னபடியே எழுதுகிறேன். என்னைப் போல் கடையில் உட்கார்ந்து, எவரோ எடுத்துக்கொண்டு போன சாமானை நினைத்துச் சோறு இறங்காமல் இருந்தவர்களுக்கு இது புரியும்.

எங்கள் கடை மலாயாவில், தங்காக் கடைவீதியில், அஞ்சடி நடைபாதையை ஒட்டி இருக்கிறது. முதலில் சைக்கிள் கடை. பிறகு ரப்பர்த் தோட்டங்களில் கிராணி எனப்படும் குமாஸ்தாக்களும் மற்றவர்களும் மோட்டார் சைக்கிள் வாங்க ஆரம்பித்ததும் அதுவும் சேர்ந்துகொண்டது. என் வீட்டுக்காரருக்கு இரும்போடு பேச வரும், ஆளோடு பேச வராது. அவர் உள்ளே இருப்பார். வருகிறவர்களிடம் பேசி, அளவு பார்த்து, ஹேண்டிலை எடுத்துக் கொடுப்பது நான்.

ஹேண்டில் மூன்று தினுசு வைத்திருந்தோம். பெயர் நாங்கள் வைத்ததுதான். அகலமாக விரிந்து ஓட்டுகிறவரைப் பார்த்து வளைந்து வருவது மாட்டுக்கொம்பு. கீழே தொங்கிப் போவது கிடாக்கொம்பு, பந்தயக்காரர்களுக்கு. வளைவில்லாமல் குறுகலாக இருப்பது நேர்க்கம்பி. அளவு பார்க்கும் முறையும் அவர் சொல்லிக் கொடுத்ததுதான். வண்டியை ஸ்டாண்டில் நிறுத்தி, பழைய ஹேண்டிலைக் கழற்றிவிட்டு, ஆளை ஏற்றி உட்காரவைப்போம். கண்ணை மூடிக்கொண்டு, தாம்பூலத் தட்டு வாங்குகிற மாதிரி இரண்டு கையையும் நீட்டச் சொல்வேன். கை எங்கே போய் நிற்கிறதோ அங்கேதான் ஹேண்டிலின் பிடி வரவேண்டும். கண்ணைத் திறந்துகொண்டு நீட்டினால் ஆசைதான் நீளும், கை நீளாது.

நான் எழுதப்போகிற அந்தச் சில மாதங்களில் என் மகள் சரசு முதல் பிள்ளை உண்டாகியிருந்தாள். ஆற்றுக்கு அப்பால் உள்ள தோட்டத்தில் அவளைக் கொடுத்திருந்தேன். தலைப்பிரசவத்துக்குத் தாய்வீட்டுக்குக் கூட்டி வருவதுதான் வழக்கம். ஆனால் அவளுக்கு ஐந்தாம் மாதமே உதிரம் பட்டு, இந்தக் குண்டும் குழியுமான ரோட்டில் அசைக்கவே கூடாது என்று டிரஸ்ஸர் சொல்லிவிட்டார். தோட்டத்து ஆஸ்பத்திரியில் மருந்து கொடுப்பவர், கட்டுப்போடுபவர், பிரசவம் பார்ப்பவர் எல்லாம் அந்த டிரஸ்ஸர் ஒருவர்தான். மூன்று தோட்டத்துக்கு அவர் ஒருவர். ஒரு மோட்டார் சைக்கிள். என் மகள் உயிர் அந்த இரண்டு சக்கரத்தில் இருந்தது என்று சொன்னால் மிகையில்லை.

துரை வைத்திருக்கிற மாதிரி

ஒரு தோட்டத்து ஆபீஸ் கிராணி வந்தார். வெள்ளைக் கோட்டு, கால்சட்டை, சப்பாத்து, முன்னே கொஞ்சம் வயிறு. அவருடைய துரை புதிதாக ஒரு வண்டி வாங்கியிருந்தார், அதில் கிடாக்கொம்பு. இவருக்கும் அதே வேண்டும். நான் கண்ணை மூடச் சொன்னேன். மூடினார். கை இரண்டும் மார்புக்கு நேரே வந்து நின்றன. அப்புறம் ஒரு கண்ணை மட்டும் திறந்து, சுவரில் தொங்கிய கிடாக்கொம்பைப் பார்த்துக்கொண்டே கையை மெள்ளக் கீழே இறக்கினார்.

"ஐயா, முதல்ல நின்ன இடம்தான் உங்க அளவு. இது உங்களுக்கு வேண்டாம்" என்றேன். "துரை வச்சிருக்காரே?" என்றார். "துரைக்கு வயிறு இல்லைங்களே" என்று வாய் தவறிச் சொல்லிவிட்டேன். அவர் கிடாக்கொம்பையே பூட்டிக்கொண்டு போனார். கோபித்துக்கொண்டாரோ, மற்ற தோட்டத்துக்காரர்களிடம் சொல்லி எங்கள் கடைக்கு வரவிடாமல் செய்வாரோ என்று ஒரு வாரம் எனக்குச் சரியான தூக்கமில்லை. எட்டாம் நாள் அவரே வந்து இறங்கினார். இறங்கியும் நிமிரவில்லை. இடுப்பைப் பிடித்துக்கொண்டு சொன்னார்:

"மாட்டுக்கொம்பையே போட்டுடுங்கம்மா. நான் குனிஞ்சுக்கிட்டே வர்றதைப் பார்த்துட்டு துரை கேக்குறாரு, 'கிராணி, வயித்து வலியா, டிரஸ்ஸரைப் போய்ப் பாரு'ன்னு."

இடது பக்கம் இல்லாத ஊர்

தோட்டம் தோட்டமாகப் போய்த் துணி விற்கும் ராவுத்தர் ஒருவர் உண்டு. நல்ல மனிதர். என்னைத் தங்கச்சி என்றுதான் கூப்பிடுவார். கை மரத்துப்போகிறது என்று வந்தவருக்கு அளவு பார்த்து மாட்டுக்கொம்பு கொடுத்தேன். கண்ணை மூடிக் கையை நீட்டினார், பிடி வந்து கைக்குள் உட்கார்ந்தது. எனக்கே அன்று என் மேல் ஒரு பெருமை.

நாலு நாள் கழித்து, எங்கள் கடை வரிசையை அவர் மூன்று தடவை கடந்து போவதைப் பார்த்தேன். ஒவ்வொரு தடவையும் கையைக் காட்டிவிட்டுப் போனார். நானும் கையைக் காட்டினேன். நாலாவது தடவை வண்டியை நிறுத்தித் தள்ளிக்கொண்டு வந்தார். விஷயம் இதுதான். அவர் வண்டியில் எண்ணெய்த் தொட்டிக்கு வலது பக்கம் கியர்க் கோல் இருந்தது. அதனால் துணி மூட்டையைத் தொட்டியின் மேல் இடது பக்கமாகச் சரித்துக் கட்டுவார். இடது பக்கம் திரும்பினால் மாட்டுக்கொம்பின் முனை வந்து மூட்டையில் குத்தி நின்றுவிடும். வண்டி திரும்பாது. அளவு பார்க்கும்போது மூட்டை வண்டியில் இல்லை. நானும் கேட்கவில்லை. என்ன சொல்லப்போகிறாரோ என்று நின்றேன். அவர் தொப்பியை எடுத்துத் தலையைத் துடைத்துக்கொண்டு சொன்னார்:

"நாலு நாளா வலது பக்கமே திரும்பி ஊரைச் சுத்துறேன் தங்கச்சி. இடது பக்கத்துல இருக்கிறவங்க எல்லாம் நான் ஊருக்குப் போயிட்டேன்னு நினைச்சிருப்பாங்க."

மூக்குத்தியில் இடிக்கிற முழங்கை

தோட்டத்தில் வேலைக்காட்டை மேற்பார்க்கிறவரைக் கண்டக்டர் என்பார்கள். அப்படி ஒரு கண்டக்டர் தம் மனைவியைப் பின்னால் உட்காரவைத்துக்கொண்டு வந்தார். அந்தப் பெண் கேரியரில் ஒருபக்கமாக உட்கார்ந்து, சேலைத் தலைப்பை இடுப்பில் செருகி, ஒரு கையால் இருக்கையையும் மறு கையால் மூக்கையும் பிடித்திருந்தாள். அவர் வண்டியில் வேறொருவர் பூட்டிக் கொடுத்த மாட்டுக்கொம்பு இருந்தது. அதில் பிடி பின்னால் வருகிறதால் முழங்கை இரண்டும் பின்னால் விரிந்து நிற்கும்.

"பழைய பிடி வழவழப்பா போச்சு, இதே மாதிரி புதுசு போடுங்க" என்றார் கண்டக்டர்.

"இதே மாதிரி வேண்டாம்" என்றாள் மனைவி.

"நீ ஏன் இதுல தலையிடுற?"

"என் தலைதானே இடிபடுது? ஒவ்வொரு வளைவுலயும் உங்க முழங்கை என் மூக்குத்தியில வந்து இடிக்குது."

"முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கயேன்."

"ஆறு மைலும் திருப்பிக்கிட்டே வரணுமா? உங்க முகத்தைத்தான் பார்க்க முடியல, முதுகையாவது பார்க்க விடுங்க."

உள்ளேயிருந்து என் வீட்டுக்காரர் இருமினார். அவர் சிரிப்பது அப்படித்தான். நான் அன்றைக்கு முதல் தடவையாக இரண்டு பேரையும் ஏற்றி உட்காரவைத்து அளவு பார்த்தேன். குறுகலான நேர்க்கம்பியைப் போட்டதும் கண்டக்டரின் முழங்கை முன்னால் போய்விட்டது. அவருக்குப் பிடிக்கவில்லை. பிள்ளைகள் ஓட்டும் சைக்கிள் மாதிரி இருக்கிறது என்று முகத்தைச் சுளித்தார். யார் பேச்சைக் கேட்பது என்று தெரியாமல் இருவரையும் மாறி மாறிப் பார்த்தேன். அந்தப் பெண் கேரியரிலிருந்து இறங்காமலே சொன்னாள்:

"ஓட்டுறதுதான் அவரு, விழுறது நானு. என்னைக் கேட்டுப் போடுங்கக்கா."

வண்டிக்கு வந்த கோபம்

எதிர்வரிசைக் காப்பிக்கடை முதலாளியான சீனத் தவுக்கே எங்களுக்குப் பழக்கம். எங்கள் ஆட்களோடு பழகிப் பழகித் தமிழ் பேசுவார். பெக்கான் நானாஸிலிருந்து அவர் மைத்துனர் அன்னாசிப்பழம் அனுப்பினால் எங்களுக்கு ஒன்று வரும். தவுக்கே தம் மோட்டார் சைக்கிள் ஹேண்டிலைக் கொஞ்சம் உயர்த்தித் தரச் சொன்னார். நான் சாமான் என்ன ஏற்றுவீர்கள் என்று கேட்டேன், பின்னால் யார் உட்காருவார்கள் என்று கேட்டேன். இனி ஒரு தப்பும் வராது என்று இருந்தேன்.

இந்தத் தடவை தப்பு உள்ளே நடந்தது. ஹேண்டில் உயர்ந்தது, அதிலிருந்து இயந்திரத்துக்குப் போகும் கம்பி மட்டும் பழைய நீளமே. நேராகப் போகும்போது ஒன்றும் தெரியாது. ஹேண்டிலைத் திருப்பினால் கம்பி இழுபட்டு, யாரும் முறுக்காமலே வேகம் கூடும். தவுக்கே பசார் மூலையில் திரும்பினார். வண்டி உறுமிக்கொண்டு பாய்ந்து, கருவாட்டுக் கூடைகளுக்குள் போய் நின்றது. அவருக்கு அடி இல்லை. கூடைகளைப் பற்றி நான் எழுதவில்லை. என் வீட்டுக்காரர் முகம் செத்துப்போய், அன்று முழுக்கக் கம்பி வெட்டிக்கொண்டிருந்தார். தவுக்கே சட்டையில் ஒட்டியிருந்த நெத்திலியை ஒவ்வொன்றாக எடுத்துப் போட்டபடி, ஐயையோ என்பதை மலாயில் சொல்லி ஆரம்பித்தார்:

"அலமாக் தங்காச்சி, ஹேண்டில் நல்லா இருக்கு லா. ஆனா நான் திரும்பினா வண்டிக்குக் கோபம் வருது."

டிரஸ்ஸருக்கு என்று எடுத்து வைத்தது

கதவுக்குப் பின்னால் சாக்கட்டியால் மூன்று கேள்வி எழுதி வைத்தேன். சாமான் என்ன? பின்னால் யார்? கம்பி நீளமா? எழுத்து கோணலாக இருந்தாலும் எனக்குப் புரிந்தது. அந்தச் சமயத்தில்தான் டிரஸ்ஸர் வந்தார். சரசுவுக்கு அப்போது மாதம் நிறைந்திருந்தது.

அவர் கேட்டது கொஞ்சம்தான். "தோள்பட்டை வலிக்குதும்மா. இருக்கிற நேர்க்கம்பியையே ரெண்டு விரக்கடை உசத்திக் குடுத்தாப் போதும்" என்றார். கொடுத்து அனுப்பியிருக்கலாம். என் மனசு கேட்கவில்லை. இவர் தோள் வலியோடு மெள்ள ஓட்டி வந்தால் என் மகளுக்கு யார் ஆவது? வழியில் கை மரத்து விழுந்தால்? கடையில் இருந்ததிலேயே அகலமான மாட்டுக்கொம்பை அவருக்கு என்றே எடுத்து வைத்திருந்தேன். வேண்டாம், இவ்வளவு பெரிசு எதற்கு என்றார். நான் விடவில்லை. கண்ணை மூடச் சொன்னேன். கை வந்து பிடியில் பொருந்தியது. மருந்துப் பெட்டி பின்னால்தான் கட்டுவேன் என்றார். பின்னால் யாரும் உட்காருவதில்லை என்றார். கம்பியை என் வீட்டுக்காரர் புதிதாகவே போட்டார். ஹேண்டிலை இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நானே பத்துத் தடவை திருப்பிப் பார்த்தேன். மூன்று கேள்விக்கும் பதில் சரி. டிரஸ்ஸர் ஏறி உட்கார்ந்து தோளை ஆட்டிப் பார்த்துவிட்டு, பிடித்துப்போய்ச் சிரித்தார்:

"இவ்வளவு பெரிய கொம்போட போனா, எதிர்ல வர்ற மாடுகூட ஒதுங்கி வழி விடும்மா."

தோளில் வந்த ஹேண்டில்

மூன்றாம் நாள் காலை, ரப்பர்ப் பாலுக்காக மரம் வெட்டுகிற ஒருவர் ஒரு ஹேண்டிலைத் தோளில் போட்டுக்கொண்டு கடைக்கு வந்தார். ஒரு பக்கம் முறுக்கிக்கொண்ட மாட்டுக்கொம்பு. எங்கள் கடைச் சாமான் எனக்குத் தெரியாதா? பார்த்ததும் எழுந்துவிட்டேன்.

"டிரஸ்ஸர் ஐயா வண்டியோடதுங்க. கங்காணி கழட்டிக் குடுத்தாரு. நேராக்கித் தருவீங்களாம்."

"அவரு எங்க?"

"பாலத்துல விழுந்துட்டாருங்க. எழுந்துட்டாரு, எழுந்துட்டாரு, பயப்படாதீங்க. நடந்துதான் போறாரு."

ஆற்றுப் பாலம் எனக்குத் தெரியும். வெறும் பலகைப் பாலம். மாட்டுவண்டி ஏறிப் பலகையை உடைக்கிறது என்று இரண்டு முனையிலும் இரண்டிரண்டு கம்பம் நட்டு வழியைக் குறுக்கியிருந்தார்கள். ஆள் போகலாம், பால்வாளிக் காவடி ஒருக்களித்துப் போகலாம், நேர்க்கம்பி போட்ட வண்டி போகலாம். டிரஸ்ஸர் இத்தனை வருஷமும் அப்படித்தான் போய் வந்துகொண்டிருந்தார். இரண்டு நாளாக இந்தக் கரைத் தோட்டங்களிலேயே வேலை இருந்ததால் அந்தப் பக்கம் போகவில்லை. இன்றைக்குத்தான் முதல் தடவை. பழக்கத்தில் வேகமாகவே ஏறியிருக்கிறார். மாட்டுக்கொம்பு இரண்டு கம்பத்திலும் இடித்து நின்றது. வண்டி நின்றது, அவர் நிற்கவில்லை, பறந்து போய் ஆற்றுச் சேற்றில் விழுந்திருக்கிறார்.

"காலங்காத்தால அந்தப் பக்கம் எதுக்குப் போனாரு?" என்று கேட்டேன். அந்த ஆள் ஹேண்டிலைக் கீழே வைத்துவிட்டு என்னை ஆச்சரியமாகப் பார்த்தார்:

"உங்க மகளுக்குத்தாங்க வலி எடுத்திருக்கு. உங்களுக்கு இன்னும் ஆள் வரலையா?"

முதுகைப் பார்த்தபடி நாலு மைல்

கடையில் அப்போது ஓடுகிற நிலையில் ஒரே வண்டி இருந்தது. சங்கிலி மாற்றுவதற்கு விட்டுப் போயிருந்த கண்டக்டர் வண்டி. என் வீட்டுக்காரர் அதை வெளியே தள்ளினார். நாற்பது வயதுக்கு மேல் ஆகியும் நான் மோட்டார் சைக்கிளில் ஏறியதில்லை. எத்தனையோ பேரை ஏற்றி உட்காரவைத்து அளவு பார்த்தவள், எப்படி ஏறுவது என்று தெரியாமல் நின்றேன். அந்தப் பெண் உட்கார்ந்த மாதிரியே தலைப்பைச் செருகி ஒருபக்கமாக உட்கார்ந்தேன். என் வீட்டுக்காரர் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தேன். கிடைத்த தெய்வத்தையெல்லாம் கூப்பிட்டேன். வளைவுகளில் அவர் முழங்கை என் மேல் இடிக்கவில்லை என்பது மட்டும் நினைவிருக்கிறது.

பாலத்தண்டை வந்ததும் இறக்கிவிடுங்கள் என்று கத்தினேன். டிரஸ்ஸர் வண்டி ஹேண்டில் இல்லாமல் ஓரமாகச் சாய்ந்து கிடந்தது, கழுத்தை வெட்டிய மாதிரி. கம்பத்தில் புதிதாக இரண்டு வெள்ளை வடு. நான் அதைத் தொட்டுப் பார்த்தேன். என் வீட்டுக்காரர் வண்டியைத் தள்ளிக்கொண்டு கம்பங்களுக்கு நடுவே நுழைந்தார். இரண்டு பக்கமும் ஒவ்வொரு விரல் இடம் விட்டு நேர்க்கம்பி உள்ளே போனது. கண்டக்டருக்குப் பிடிக்காத நேர்க்கம்பி. என் வீட்டுக்காரர் திரும்பி என்னைப் பார்த்து ஒரே வார்த்தை சொன்னார்:

"போகுது."

கைக்கு அளவு

தோட்டத்து வீட்டு வரிசையான லயத்துக்குள் நுழையும்போதே குழந்தை அழுகிற சத்தம் கேட்டது. பக்கத்து வீட்டுப் பெண்கள்தான் என்னைப் பிடித்துக் கொண்டுபோய்ச் சரசுவிடம் விட்டார்கள். சரசு கண்ணைத் திறந்து, "ஏம்மா அழுவுற, எனக்கு ஒண்ணும் இல்ல" என்றாள். பேரன். கொடி கழுத்தைச் சுற்றி வந்திருந்ததாம். பக்கத்து வீட்டு அம்மாள்தான் பிரசவம் பார்த்துக்கொண்டிருந்தாளாம். அவளுக்கு என்ன செய்வதென்று தெரியாமல் கை நின்றுபோன சமயத்தில்தான், டிரஸ்ஸர் சேறும் தண்ணியுமாக, பாலத்திலிருந்து முக்கால் மைல் ஓட்டமும் நடையுமாக வந்து சேர்ந்திருக்கிறார். வலது கை தூக்க வரவில்லை. இடது கையாலேயே கொடியைத் தளர்த்தி எடுத்திருக்கிறார். இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் என்று அந்த அம்மாள் ஆரம்பித்தாள். நான் காதைப் பொத்திக்கொண்டேன்.

டிரஸ்ஸர் வெளியே ஒரு பால்வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்திருந்தார். சரசுவின் பழைய சேலையைக் கிழித்து வலது கைக்குத் தூளி கட்டியிருந்தார்கள். மணிக்கட்டு வீங்கிப்போயிருந்தது. நான் அவர் காலில் விழப்போனேன். அவர் விலகிக்கொண்டார். "நீங்க நேர்க்கம்பி போதும்னுதான் சொன்னீங்க ஐயா. நான்தான் கேக்காம பெருசைக் கட்டி அனுப்பினேன். உங்களையும் கொன்னு, என் பிள்ளையையும் கொன்னிருப்பேன்" என்று அழுதேன். ஏன் அப்படிச் செய்தேன் என்றும் சொன்னேன். உங்கள் தோளுக்காக இல்லை, என் மகளுக்காகத்தான் என்று சொன்னேன். அதைச் சொல்லாமல் இருந்திருக்கலாம். ஆனால் சொல்லாவிட்டால் எனக்கு இருப்புக் கொள்ளாது.

அவர் கோபப்பட்டிருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும். கோபப்படவில்லை. யாரோ கொண்டுவந்த கட்டங்காப்பியை இடது கையால் வாங்கி ஒரு வாய் குடித்துவிட்டுச் சொன்னார்:

"அளவு சரியாத்தாம்மா எடுத்தீங்க, என் கைக்கு. பாலத்துக்கு யாரு எடுத்தா?"

வாசலில் இரண்டு கம்பம்

அவர் கை ஆற ஆறு வாரம் ஆனது. அதுவரை தினம் ஒருவர் சைக்கிளில் அவரை ஏற்றிக்கொண்டு போனார். நான் ஆறு வாரமும் யாருக்கும் ஹேண்டில் எடுத்துக் கொடுக்கவில்லை. இந்தத் தொழிலே வேண்டாம், சைக்கிளோடு இருப்போம் என்று என் வீட்டுக்காரரிடம் சொல்லிப் பார்த்தேன். அவர் கேட்டுக்கொண்டே ஒரு சைக்கிள் சக்கரத்தைக் கழற்றிக்கொண்டிருந்தார். கதவுக்குப் பின்னால் நாலாவது கேள்வி எழுதப் போனேன். எந்தப் பாலம்? எந்த வாய்க்கால்? எந்தக் கேட்டு? எழுதிக்கொண்டே போனால் கதவு போதாது. கேட்டாலும் சரியாகச் சொல்லுவார்களா? தினம் போகிற வழி யாருக்கு அளவோடு ஞாபகம் இருக்கும்? டிரஸ்ஸரே மறந்த பாலம் அது.

அப்புறம் ஒருநாள் ஒரு மூங்கிலை எடுத்துக்கொண்டு பேரனைப் பார்க்கப் போனேன். திரும்பும்போது பாலத்துக் கம்பங்களுக்கு நடுவே அதை வைத்து, சரியாக வெட்டிக்கொண்டு வந்தேன். என் வீட்டுக்காரரிடம் கொடுத்தேன். மறுநாள் எங்கள் கடை வாசலில், அஞ்சடியில் வண்டி ஏறி இறங்குகிற இடத்தில், அந்த மூங்கில் அளவுக்கு இரண்டு கம்பம் நட்டார். இந்த வட்டாரத்தில் அதைவிடக் குறுகலான வழி இல்லை என்று நாலு தோட்டத்தில் விசாரித்துவிட்டுத்தான் நட்டார். இப்போது யார் என்ன ஹேண்டில் கேட்டாலும் நான் வேண்டாம் என்று சொல்வதில்லை. போட்டுக்கொள்ளுங்கள், தள்ளிக்கொண்டு வெளியே போங்கள் என்கிறேன். போனால் எடுத்துக்கொண்டு போகலாம். போகாவிட்டால் திரும்ப உள்ளே வரவேண்டும், கழற்றவேண்டும். முதலில் மாட்டிக்கொண்டவர் நம்முடைய கிராணிதான். முன்பு நான் பூட்டிக் கொடுத்த மாட்டுக்கொம்பு இரண்டு பக்கமும் இடித்து நிற்க, உள்ளேயும் போகாமல் வெளியேயும் போகாமல் நின்று கேட்டார்:

"இது என்னம்மா கடையா, ஆட்டுப்பட்டியா?"

எது வேண்டுமானாலும் சொல்லிவிட்டுப் போகட்டும். அந்தக் கம்பங்களைத் தாண்டிப் போன ஒருவரும் இன்றுவரை பாலத்தில் விழவில்லை, சந்தைக் கூடையோடு தினம் அதில் இடித்துக்கொண்டு நிற்கிற நான் ஒருத்தியும் அதற்காகக் கம்பத்தைப் பிடுங்கச் சொல்லவில்லை.